சல்தானாவில் நான்காம் ஆண்டு

என் அக்காள் மகள் தென்னாப்பிரிக்கக் கடற்படையில் இளநிலை அதிகாரி. கேப் டவுனுக்கு வடக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், மேற்குக் கடற்கரையில் இருக்கும் சல்தானாவின் ராணுவக் கல்விக்கழகத்தில் அவளுடைய மூன்றாண்டுப் பட்டப்படிப்பு இந்த ஆண்டின் இறுதியில் முடிகிறது. முடிந்ததும் கப்பலுக்குப் போவதா, இல்லை அங்கேயே இன்னும் ஓராண்டு தங்கி ராணுவ வரலாற்றில் ஆனர்ஸ் படிப்பதா என்பதைப் பற்றித்தான் சில மாதங்களாக எங்கள் குடும்பத்தில் பேசி வருகிறோம். நான் டர்பனில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளியில் வரலாறு கற்பிப்பவன். வேலையில் இருந்துகொண்டே ஆனர்ஸ் படித்து முடித்தவன். அதனால்தான் "மாமா, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று அவள் முதலில் என்னிடம் வந்து கேட்டாள். அவளுக்கு நான் சொன்னவற்றையும், சொல்வதற்காகத் தேடிப் படித்தவற்றையும், இதே இடத்தில் நிற்கும் பிற பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் உதவும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் ஆனர்ஸ் என்றால் இளங்கலைப் பட்டத்திற்குள்ளேயே அடங்கிய சிறப்புப் படிப்பு என்றுதான் பலரும் அறிந்திருப்பார்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் போன்ற இடங்களிலும் இளங்கலை படிக்கும்போதே கூடுதல் பாடங்களும் ஆய்வேடும் எழுதி அந்தச் சிறப்பைப் பெறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அப்படியில்லை. இங்கே மூன்றாண்டுப் பட்டம் முடிந்த பிறகு தனியாக விண்ணப்பித்து, தனியாகத் தேர்வு செய்யப்பட்டு, ஓராண்டு படித்துப் பெறும் மற்றொரு பட்டம்தான் ஆனர்ஸ். நாட்டின் தகுதிச் சட்டகத்தில் இளங்கலைப் பட்டம் ஏழாம் நிலை, ஆனர்ஸ் எட்டாம் நிலை, முதுகலை ஒன்பது, முனைவர் பட்டம் பத்து. எட்டாம் நிலையைத் தாண்டாமல் முதுகலைக்குள் நுழைய முடியாது. ஆனர்ஸுக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக மொத்தம் 1,200 மணி நேரம். அதில் குறைந்தது 30 கிரெடிட், அதாவது 300 மணி நேரம், மாணவரே செய்யும் ஆய்வுக்கு என்று விதி இருக்கிறது. வாரத்திற்கு நாற்பது மணி நேரம் உழைத்தால் முப்பது வாரம். ஒரு கல்வியாண்டுக்குள் அடங்குகிறது என்றாலும், ஒரு நாள் அசந்தால் அடுத்த நாள் அதற்கும் சேர்த்து உட்கார வேண்டியிருக்கும். இதை நான் பட்டு அறிந்திருக்கிறேன்.

சல்தானாவுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. அங்கே படித்தவருக்குப் பட்டச் சான்றிதழை ராணுவம் தருவதில்லை, ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகம் தருகிறது. 1950இல் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கிய இந்தக் கல்விக்கழகம், பின்னர் சல்தானாவுக்கு இடம் மாறி, 1961இல் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தின் ராணுவ அறிவியல் புலமாக ஆனது. ஆகவே ஒரே வளாகத்தில் மாணவர் இரண்டு ஆணைகளுக்கு உட்பட்டு வாழ்கிறார். விடியற்காலையில் அணிவகுப்புத் திடலில் அவருக்கு மேலதிகாரிகள் இருக்கிறார்கள். எட்டு மணிக்கு வகுப்பறையில் அமர்ந்ததும், மேலதிகாரியின் முடிவையே கேள்விக்கு உட்படுத்தி எழுது என்று சொல்லும் பேராசிரியர் இருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே உடம்பில் தாங்கப் பழகுவதுதான் அங்கே கிடைக்கும் பெரிய பயிற்சி என்று எனக்குத் தோன்றுகிறது. இளங்கலையில் அது தொடங்குகிறது. ஆனர்ஸில்தான் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது, ஏனென்றால் அங்கே பாடப்புத்தகத்தின் விடை என்று ஒன்று கிடையாது.

முதலில் ஒரு தவறான எதிர்பார்ப்பை அவளிடமிருந்து அகற்ற வேண்டியிருந்தது. ஆனர்ஸ் படித்தால் பதவி உயர்வு விரைவில் வரும் என்று அவளுடைய நண்பர்கள் சிலர் சொல்லியிருந்தார்கள். நம் படையில் பதவி உயர்வு என்பது பணிக்காலம், காலியிடம், படைக்குள் நடக்கும் பயிற்சி வகுப்புகள் ஆகியவற்றைச் சார்ந்தது. மேல்நிலைக்குப் போக விரும்பும் அதிகாரி ஒரு கட்டத்தில் பிரிட்டோரியாவின் ராணுவப் பகுதியான தபா ட்ஸ்வானேயில் உள்ள போர்க் கல்லூரியின் கூட்டுத் தலைமைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அதற்கு ஈடாகாது. ஆனர்ஸ் பட்டம் தோளில் ஒரு பட்டையைக்கூடக் கூட்டாது என்று வைத்துக்கொண்டே முடிவெடு என்றேன். அவள் முகம் சற்று வாடியது உண்மைதான். ஆனால் அந்த எதிர்பார்ப்பை விலக்கிய பிறகும் அவளுக்கு அந்த ஆண்டின் மீது ஆசை இருந்தது. அப்போதுதான் இது பேசத்தக்க விஷயம் என்று எனக்குப் பட்டது.

குடும்பத்தின் கருத்தையும் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா, என் அத்தான், கணக்காளர். மேலே படிப்பதாக இருந்தால் வெளியே வந்து சந்தையில் மதிப்புள்ள எதையாவது படிக்கட்டும் என்பது அவர் எண்ணம். என் அம்மாவோ, "பாப்பா, படிச்சது போதும், துப்பாக்கியும் வேணாம் கப்பலும் வேணாம், வீட்டுக்கு வந்துடு" என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் சொல்கிறார். அவளுடைய ஆயாவான என் அம்மாவின் பேச்சை வயதானவரின் அச்சம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சீருடையை எங்கள் தலைமுறையும் எனக்கு முந்தைய தலைமுறையும் எந்த இடத்தில் நின்று பார்த்தோம் என்பது அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் துறைமுகத்திற்கு வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழியில் வந்தவர்கள் நாங்கள். இந்த நாட்டின் போர்களில் எங்கள் மக்கள் இல்லாமல் இருந்ததில்லை. ஆயுதம்தான் கையில் தரப்படவில்லை. 1899இல் ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் இடையே போயர் போர் தொடங்கியபோது காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பான்மையானோர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். கொலென்சோவிலும் ஸ்பியோன்கோப்பிலும் அடிபட்ட சிப்பாய்களைத் தூக்குப்படுக்கையில் சுமந்து மைல்கணக்கில் நடந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்திய மலாய்ப் படைப்பிரிவில் சேர்ந்தவர்களுக்கு வண்டி ஓட்டும் வேலையும், தூக்கும் வேலையும், சமையல் வேலையும் கிடைத்தன. துப்பாக்கி வெள்ளையருக்கு மட்டும் என்று அரசு வைத்திருந்தது. 1967 முதல் வெள்ளை இன இளைஞர்கள் அனைவருக்கும் ராணுவப் பணி கட்டாயமானது. 1980களில் அந்த ராணுவமே கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குள் கவச வண்டிகளோடு நுழைந்தது. 1984இல் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் தனித்தனி அவைகள் அமைத்து மூன்று அவை நாடாளுமன்றத்தை அரசு கொண்டுவந்தபோது, வாக்குரிமை என்ற பெயரில் நம் பிள்ளைகளையும் கட்டாய ராணுவப் பணிக்கு இழுக்கப் போகிறார்கள் என்று எங்கள் தெருக்களில் துண்டறிக்கை கொடுத்தார்கள். ராணுவம் என்பது எதிர்த்தரப்பு என்ற உணர்வோடு வளர்ந்தவர் என் அம்மா. காந்தியின் சத்தியாகிரகத் தோழர் தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 1963இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவான உம்கொண்டோ வெ சிஸ்வேயின் உறுப்பினராகப் பிடிபட்டு ராபன் தீவில் பத்தாண்டு சிறையிருந்தார் என்பதைப் பெருமையோடு சொல்லும் வீடுகளில், அரசின் சீருடையை அணிந்தவரைப் பற்றி யாரும் பேசியதில்லை.

1994இல் பழைய அரசின் படை, விடுதலை இயக்கங்களின் படைகள், கறுப்பினத்தவருக்கென்று பழைய அரசு பிரித்து வைத்த பண்டுஸ்தான் பகுதிகளின் படைகள் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துத் தேசியப் பாதுகாப்புப் படை உருவானது. அந்தப் படையில்தான் என் மருமகள் இருக்கிறாள். நான்கு போர்க்கப்பல்களில் ஒன்றுக்கு ஸ்பியோன்கோப் என்று பெயர். தூக்குப்படுக்கை சுமக்க மட்டும் அனுமதிக்கப்பட்ட மலையின் பெயரைத் தாங்கிய கப்பலில், அதே மக்களின் வழிவந்த ஒரு பெண் அதிகாரியாக நிற்க முடியும் என்பதை நான் சிறிய மாற்றமாகக் கருதவில்லை. ஆயாவிடம் இதைச் சொன்னபோது அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு "வீட்டுக்கு வந்துடு" என்பதற்கு முன்னால் "முடிச்சிட்டு" என்று ஒரு சொல் சேர்ந்திருக்கிறது.

இப்போது உண்மையான எதிர்வாதத்திற்கு வருகிறேன். அவள் மதிக்கும் ஒரு மூத்த அதிகாரி, கடல் முதலில், புத்தகம் பிறகு என்று சொன்னாராம். இந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. கடற்படையில் மேல்தள அதிகாரிக்கு முதல் பெரிய படி, தனியாகக் கப்பலின் வாட்ச்சை ஏற்று நிற்பதற்கான சான்றிதழ். இரவில், தலைவர் கீழே உறங்கும்போது, எதிரே வரும் வெளிச்சம் மீன்பிடிப் படகா சரக்குக் கப்பலா என்று கணித்து, திசை மாற்றுவதா வேண்டாமா என்று சில நிமிடங்களில் முடிவு செய்யும் பொறுப்பு அது. அதைப் படித்துப் பெற முடியாது. கடலில் நின்றுதான் பெற முடியும். உடன் சேர்ந்தவர்கள் அதைப் பெற்று முன்னே போகும்போது இவள் நூலகத்தில் இருப்பாள். மேலும், மூன்றாண்டுகள் ஏட்டில் கற்றதைக் கப்பலில் கண்ணால் பார்த்த பிறகு மனத்தில் எழும் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும். ராணுவ அறிவியலில் நல்ல கேள்விகள் படைப்பிரிவுகளில் பிறக்கின்றன, வகுப்பறையில் அவை வடிவம் பெறுகின்றன என்பதே என் எண்ணமும். வேறு ஆண்டாக இருந்திருந்தால் நானும் கப்பலுக்குப் போ என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் கடல் முதலில் என்ற சொல், கப்பல் கடலுக்குப் போகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டது. நம் கடற்படையின் நிலை அப்படி இல்லை என்பது நாடறிந்த செய்தி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து வாங்கிய நான்கு போர்க்கப்பல்களிலும் மூன்று நீர்மூழ்கிகளிலும் பெரும்பாலானவை பெரும் பழுதுபார்ப்புக்குக் காத்து, கடற்படைத் தளமான சைமன்ஸ் டவுன் துறையில் நீண்ட காலம் நிற்கின்றன. பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு விழுக்காட்டை எட்டுவதில்லை. 2015ஆம் ஆண்டின் பாதுகாப்பு மறுஆய்வு அறிக்கையே, படை மிக மோசமான சரிவில் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதியது. கேப் டவுனில் டாமன் கட்டுமானத் தளத்தில் கட்டி 2022 முதல் வரத் தொடங்கிய ரோந்துக் கப்பல்கள் ஓரளவு நம்பிக்கை தருகின்றன. ஆனால் அவை சிறியவை, அவற்றில் இளம் அதிகாரிகளுக்கான இடங்களும் குறைவு. துறையில் கட்டியிருக்கும் கப்பலில் பெயர்ப்பட்டியல் சரிபார்த்துக்கொண்டு ஓராண்டைக் கழிப்பதற்கும், அந்த ஓராண்டில் ஒரு பட்டம் முடிப்பதற்கும் இடையே தேர்வு என்றால், விடை மாறிவிடுகிறது. ஆகவே அவளிடம் நான் கேட்கச் சொன்ன முதல் கேள்வி பல்கலைக்கழகத்தைப் பற்றியது அல்ல: அடுத்த ஆண்டு உன்னை எந்தக் கப்பலில் போடுவார்கள், அது எப்போது கடலுக்குப் போகும்? இதற்கு அவளுக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி: எதை ஆராயப் போகிறாய்? ஆனர்ஸுக்குப் போகும் பலர் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். 300 மணி நேரம் என்பது கேள்வியைத் தேடவே போதாது. கேள்வியோடு போகிறவருக்குத்தான் அந்த ஆண்டு பலன் தரும். அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. அது எங்கள் தெருவிலிருந்து வந்தது.

டர்பன் துறைமுகத்திற்குள் சாலிஸ்பரி தீவு என்று ஓர் இடம் இருக்கிறது. பெயரளவில்தான் தீவு, இன்று துறைமுகத்தின் தென்கரையான பிளஃப் பக்கத்தோடு நிலத்தால் இணைந்துவிட்டது. சல்தானா ஸ்டெலன்போஷின் புலமாக ஆன அதே 1961இல், இந்தியர்களுக்கென்று தனியான பல்கலைக்கழகக் கல்லூரியை அரசு இந்தத் தீவில் திறந்தது. அதற்கு ஒதுக்கியவை பழைய கடற்படைக் குடியிருப்புகள். என் பெரியப்பா அங்கே படித்தவர். கோட்டும் டையும் கட்டிக்கொண்டு படகில் ஏறிப் போய் வருவோம் என்று சொல்வார். வெள்ளையருக்குப் பல்கலைக்கழகமே ராணுவக் கல்விக்கழகத்தை ஏற்றுக்கொண்ட ஆண்டில், எங்களுக்குக் கடற்படை காலி செய்த கொட்டகை பல்கலைக்கழகமானது. அந்தக் கல்லூரி 1972இல் வெஸ்ட்வில் குன்றுக்கு மாறி, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்து, 2004இல் குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகத்தோடு கலந்துவிட்டது. தீவு மறுபடியும் கடற்படையிடம் போனது. அங்கே 1970களின் நடுவில் இந்திய இளைஞர்களுக்காக ஜல்சேனா என்ற கடற்படைப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கவில்லை. விரும்பி வந்தவர்களே சேர்ந்தார்கள்.

அவர்களில் ஒருவர் எங்கள் தெருவில் வசிக்கிறார். பணிந்து பேசும் பெரியவர். கோயில் காவடி ஏற்பாடுகளில் முன்னால் நிற்பவர். அவருடைய வீட்டின் முன்னறையில் கல்யாணப் படமும், பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களும், முருகன் படமும் இருக்கின்றன. வெள்ளைச் சீருடையும் கறுப்பு நாடா கட்டிய வட்டத் தொப்பியுமாக அவர் இருபது வயதில் நிற்கும் படம் படுக்கையறையில், அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. என் மருமகள் கடற்படையில் சேர்ந்த செய்தி தெரிந்ததும் அவளைக் கூப்பிட்டு அதைக் காட்டினாராம். படத்தின் நான்கு மூலைகளிலும் பழைய ஒட்டுநாடா மஞ்சளாகிச் சுருண்டிருந்தது. அவர் அதை எடுத்துத் தரவில்லை, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார். ஏன் முன்னறையில் மாட்டவில்லை தாத்தா என்று இவள் கேட்டதற்கு, "அந்தக் காலத்துல மாட்ட முடியாதும்மா, அப்புறம் மாட்டத் தோணல" என்றாராம்.

இவள் கேள்வி அங்கே பிறந்தது. தங்களுக்கு வாக்குரிமை தராத அரசின் கடற்படையில் அந்த இளைஞர்கள் ஏன் விரும்பிச் சேர்ந்தார்கள்? சம்பளமா, தொழில் கற்கும் ஆசையா, தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சிக்காமல் தப்பிக்கும் வழியா, கடலின் மேல் இருந்த ஈர்ப்பா? ஊர் அவர்களை எப்படி நடத்தியது? 1994க்குப் பிறகு அவர்கள் தங்களைப் பற்றி எதைச் சொல்லிக்கொள்கிறார்கள்? போராட்டத்தின் வரலாற்றை எங்கள் சமூகம் எழுதியிருக்கிறது, எழுதவும் வேண்டும். இவர்களைப் பற்றிய பேச்சு அலமாரிக் கதவுக்குள் இருக்கிறது. இவர்களை நியாயப்படுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டுப் பதிவு செய்யாமல் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது என்பதே எங்கள் இருவரின் நிலை.

இந்தக் கேள்விதான் காலத்தைப் பற்றிய என் கணக்கை மாற்றியது. 1975இல் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபதைக் கடந்திருப்பார். கப்பலில் மூன்று நான்கு ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் திரும்பி வந்து இந்த ஆய்வைத் தொடங்கினால் எத்தனை பேர் பேசும் நிலையில் இருப்பார்கள்? பிரிட்டோரியாவில் உள்ள பாதுகாப்புத் துறையின் ஆவணக் காப்பகம் காத்திருக்கும்; அங்கே சேர்ப்புப் பட்டியலும் உத்தரவுகளும் கிடைக்கலாம். ஏன் சேர்ந்தேன் என்பதற்கான விடை கோப்பில் கிடைக்காது. வேறொரு கேள்வியோடு அவள் வந்திருந்தால், எடுத்துக்காட்டாக 2011 முதல் நம் கப்பல்கள் மொசாம்பிக் கால்வாயில் கடற்கொள்ளைக்கு எதிராகச் செய்த ரோந்தைப் பற்றி எழுத நினைத்திருந்தால், முதலில் நீயே கப்பலில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் 300 மணி நேரத்தின் அளவை அவளுக்கு உணர்த்த வேண்டியிருந்தது. அவள் முதலில் எழுதிய முன்வரைவின் தலைப்பு ஜல்சேனாவின் முழு வரலாற்றையும் தழுவியிருந்தது. அது முனைவர் பட்டத்திற்குரிய வேலை. சமையலறை மேசையில் இருவரும் உட்கார்ந்து பென்சிலால் அடித்து அடித்துச் சுருக்கினோம்: ஆண்டுகளைக் குறைத்தோம், பயிற்சி முறை பற்றிய பகுதியை எடுத்தோம், கடைசியில் சாட்ஸ்வொர்த்திலிருந்து சேர்ந்த முதல் சில அணிகள், சேர்ந்ததற்கு அவர்களே சொல்லும் காரணங்கள் என்ற அளவில் நிறுத்தினோம். ஒரு மணி நேர நேர்காணலை எழுத்தில் பெயர்ப்பதற்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். எங்கள் பெரியவர்கள் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசுவதால் இன்னும் கூடும். ஆகவே அதிகம் போனால் எட்டுப் பத்துப் பேர். இதில் அவளுக்கு ஏமாற்றம் இருந்தது. எட்டுப் பேரிடம் முழுமையாகக் கேட்டால் அதுவே இதுவரை இல்லாத ஒன்று என்றேன்.

சீருடை அணிந்தவள் கேட்டால் அவர்கள் மனம் திறப்பார்களா என்பதையும் பேசினோம். தங்களைப் புரிந்துகொள்வாள் என்று சிலர் கூடுதலாகப் பேசலாம். அதிகாரியிடம் படையைக் குறை சொல்லலாமா என்று சிலர் தயங்கலாம். நேர்காணலுக்குச் சீருடையில் போகாதே, ஆனால் நீ யார் என்பதை மறைக்கவும் செய்யாதே என்பது என் கருத்து. இதை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே அவள் எழுத வேண்டும்.

இதைவிடக் கனமான கேள்வியை அத்தான் எழுப்பினார். பணியில் இருக்கும் அதிகாரி தன் படையின் பழைய நடத்தையைப் பற்றி உண்மையை எழுத முடியுமா? நியாயமான ஐயம்தான். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, பாதுகாப்புத் துறையின் அனுமதியும் இத்தகைய ஆய்வுக்கு வேண்டும். ஆனால் நம் அரசியலமைப்பு இதில் மௌனமாக இல்லை. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 199ஆம் பிரிவு, வெளிப்படையாகச் சட்டத்திற்குப் புறம்பான உத்தரவுக்குப் பாதுகாப்புப் படையினர் எவரும் கீழ்ப்படியக் கூடாது என்று சொல்கிறது. உரிமை என்ற அளவில் அது நிற்கவில்லை, கடமையாகவே விதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடமையை ஆற்ற, உத்தரவை எடைபோட்டுப் பார்க்கத் தெரிந்த அதிகாரி தேவை. எடைபோடும் பழக்கம் ஒரே இரவில் வந்துவிடாது. சல்தானாவின் புலம் 'சயென்டியா மிலிட்டாரியா' என்ற ஆய்விதழை வெளியிடுகிறது. பழைய ராணுவம் நமீபியா-அங்கோலா எல்லையில் நடத்திய எல்லைப் போரைப் பற்றியும் 1994க்குப் பிந்தைய இணைப்பைப் பற்றியும் அதில் வரும் கட்டுரைகள் படைக்கு இதமான சொற்களை மட்டும் எழுதுவதில்லை. சிலவற்றை அச்செடுத்து அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "சரி, எழுத விடுறாங்க" என்றார். ஒப்புதல் என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் தடை விலகியது.

பணமும் ஒப்பந்தமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுச் செலவில் படித்தால், அதற்கு ஈடாகப் பணியாற்றும் கடப்பாடு உண்டு. இதில் யாருடைய வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம். கையெழுத்திடும் தாளின் ஒவ்வொரு வரியையும் படித்து, இடையில் விலகினால் என்ன தொகை திருப்பித் தர வேண்டும், முதுகலைக்குப் போனால் கடப்பாடு நீளுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தனிமையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். சல்தானா சிறிய ஊர். வடகேப்பின் சிஷென் சுரங்கங்களிலிருந்து 861 கிலோமீட்டர் ரயில்பாதையில் வந்து சேரும் இரும்புத்தாதுவைக் கப்பலில் ஏற்றும் துறைமுகம் அது. காற்று அடிக்கும் நாளில் அந்தத் தூசி வீடுகளின் வெள்ளைச் சுவரிலும் சன்னல் விளிம்பிலும் செம்மண் பூசியதுபோல் படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இளங்கலையில் உடன் இருந்த கூட்டம் கலைந்து ஆளுக்கொரு தளத்திற்குப் போய்விடும். ஆனர்ஸ் வகுப்பில் சிலரே இருப்பார்கள். அவர்களிலும் பலர் பத்து ஆண்டுப் பணி முடித்துக் குடும்பத்தோடு வருகிறவர்கள். தமிழ் பேசும் வீடோ, வெள்ளிக்கிழமை போய்வரக் கோயிலோ நடந்துபோகும் தொலைவில் கிடையாது. மூன்றாண்டுகள் இருந்தவள்தானே என்று நினைக்கக் கூடாது. கூட்டத்தோடு இருந்த மூன்றாண்டும் தனியாக எழுதும் ஓராண்டும் ஒன்றல்ல. வாரத்தில் ஒரு நாள் அவள் எழுதிய பக்கங்களைத் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். எழுதவில்லை என்றாலும் அழைக்க வேண்டும்.

இத்தனையும் பேசியபின் நான் என் கருத்தைத் தெளிவாகச் சொன்னேன். இந்த ஆண்டே படி. காரணம் பட்டம் அல்ல. பேசக்கூடியவர்கள் இன்று இருக்கிறார்கள், கடலுக்குப் போகும் கப்பலில் இடம் உறுதியாக இல்லை என்ற இரண்டும்தான். ஆனால் ஆய்வேடு கொடுத்த மறுநாளே முதுகலையைப் பற்றி நினைக்காதே. நேரே கப்பலுக்குப் போய் வாட்ச் சான்றிதழை வாங்கு. அதை வாங்காமல் படிப்பில் நீளும் அதிகாரியைக் கப்பலில் இருப்பவர்கள் மதிக்கமாட்டார்கள். அவர்கள் மதிக்காமல் இருப்பதில் நியாயமும் இருக்கிறது. அந்த மூத்த அதிகாரியிடமும் போய் இதே காரணங்களைச் சொல், அவர் என்ன சொல்கிறார் என்று கேள் என்றேன். போனாள். கேள்வி கையில் இருந்தால் அது வேறு விஷயம் என்று அவர் சொன்னதாகவும், திரும்பி வந்ததும் முதலில் கிடைக்கும் ரோந்துக் கப்பலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தாள்.

விண்ணப்பத்தையும், சுருக்கிய முன்வரைவையும் அவள் அனுப்பிவிட்டாள். புலம் ஏற்றாலும் கடற்படை ஓராண்டுக்கு விடுவிக்க வேண்டும். அந்த முடிவு அவள் கையில் இல்லை. விடுவிக்க மறுத்தால் கப்பலில் பணியாற்றிக்கொண்டே பகுதிநேரமாக இரண்டாண்டில் முடிக்க வழி தேடுவாள்; நான் என் ஆனர்ஸை அப்படித்தான் முடித்தேன், தூக்கம் குறையும், ஆனால் முடியும். எதுவானாலும் கேள்வி அதேதான். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வரும்வரை ஒருவரையும் நேர்காணக் கூடாது என்பதால், இப்போதைக்கு ஜல்சேனாவில் இருந்தவர்கள் யார் யார், எந்தப் பேட்டையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை மட்டும் நான் சேர்த்து வருகிறேன். கோயில் மண்டபத்திலும் ஓய்வுபெற்றோர் சங்கத்திலும் விசாரித்ததில், நினைத்ததைவிட அதிகமானோர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது; சிலர் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள். எங்கள் தெருப் பெரியவரிடமும் கேட்டேன். பேசுவதாகச் சொன்னார். பெயரைப் போட வேண்டாம் என்றார்.